ஜெய்தூன் பீவி: டைரோசினும் சீரக சம்பாவும்

திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் குடியிருக்கும் மாடிக்கு நேர் கீழே ஒரு சமையல்கூடம் இருக்கிறது. அதை நடத்துபவர் ஜெய்தூன் பீவி. வயது ஐம்பத்தொன்று. உயரம் நான்கடி பதினொன்று. எடையைச் சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கி வருகிறார். ஒன்பது அண்டாக்கள் ஒரே நேரத்தில் அடுப்பில் இருந்தாலும் எதில் எத்தனை படி அரிசி, எதில் உப்புப் போட்டாயிற்று, எதைத் தம் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் நினைவில் வைத்திருப்பார். உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் எனக்கு மூன்று சோதனைக் குழாய்களுக்கே பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலை முடிந்தாலும் ஜெய்தூன் பீவி அதை உரக்கச் சொல்வார். அங்கே வேலை செய்யும் பதினொரு பெண்களில் யாராவது ஒருவர் “ஆச்சு” என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை தொடங்கும். “வெங்காயம் விட்டாச்சு.” “ஆச்சு.” “தயிர் ஊத்தியாச்சு.” “ஆச்சு.” இந்த ஓசையில்தான் எங்கள் தெரு கண்விழிக்கிறது. வெளியூரிலிருந்து வரும் விருந்தினர்கள் கீழே ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று எண்ணி, சற்றுநேரம் பேச்சை நிறுத்திக்கொள்வதும் உண்டு.

இப்பேர்ப்பட்டவர் 2024ஆம் ஆண்டு ஓட்டுநர் உரிமத் தேர்வில் மூன்று முறை தோற்றார்.

அவர் வண்டி ஓட்ட வேண்டிய தேவை ஒரு நூற்பாலையிலிருந்து வந்தது. குஜிலியம்பாறை சாலையில் இருக்கும் அந்த ஆலைக்கு, நாள்தோறும் நூற்று நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு போக வேண்டும். பன்னிரண்டேகால் மணிக்குச் சங்கு ஊதும்போது சோறு வாசலில் இருக்க வேண்டும். கல்யாணங்களுக்குப் பருவம் உண்டு. பசிக்குப் பருவம் கிடையாது. ஆகவே பதினொரு பெண்களுக்கும் ஆண்டு முழுவதும் வேலை கொடுத்தது அந்த ஆலைச் சாப்பாடுதான். அதைக் கொண்டுசேர்க்க வந்த ஓட்டுநர்கள் நால்வர். முதலாமவர் திருப்பூருக்குப் போய்விட்டார். இரண்டாமவர் வழியில் தேநீருக்கு நிறுத்துவார். தேநீரோடு நம் அண்டாவையும் திறப்பார். மூன்றாமவர் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்மீது காதல் கொண்டு, பத்தே முக்காலுக்கே சோற்றைக் கொண்டுபோய் நிறுத்தி ஆறவைத்தார். நான்காமவர் ஒழுக்கத்தில் குறையில்லாதவர். ஆனால் இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதை அவர் பாவமாகக் கருதினார். ஜூன் மாதத்தில் மட்டும் ஐந்து நாள் சாப்பாடு தாமதமானது. ஆலைக் கேன்டீன் மேலாளர் செப்டம்பர் 14ஆம் தேதியைக் கெடுவாகக் குறித்தார். அதற்குள் நம்பகமான ஏற்பாடு இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

இனி ஐந்தாவது ஆளைத் தேடுவதில்லை, தானே ஓட்டுவது என்று ஜெய்தூன் பீவி முடிவெடுத்தார். ஊரில் குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறிய சுமைவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பதினைந்தே நாளில் நன்றாக ஓட்டக் கற்றார். பள்ளிக்காரர் கடைசி நாளன்று ஒரே ஒரு புத்திமதி சொல்லி அனுப்பினார்: பிரேக் இன்ஸ்பெக்டர் எனப்படும் வாகன ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது, அவருக்குப் பிடிக்காது.

முதல் தேர்வு ஜூன் 25. ஆய்வாளர் ஏறி அமர்ந்து பேனாவைத் திறந்ததும் ஜெய்தூன் பீவிக்கு எல்லாம் மறந்துபோனது. வலப்பக்கம் திரும்பச் சொன்னபோது துடைப்பானை ஓடவிட்டார், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் தேர்வு ஜூலை 4. முன்னால் போகச் சொன்னபோது பின்னால் போனார், அதுவும் மிக நேர்த்தியாக. மூன்றாம் தேர்வு ஜூலை 12. அன்று பாதிவழி வரை பிழையே இல்லை. ஆய்வாளர் “நிறுத்துங்க” என்றார். ஜெய்தூன் பீவி நிறுத்தினார், இறங்கினார், பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து அண்டாக்களைத் தேடினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்று முறை தோற்றவர் அறுபது நாள் கழித்துத்தான் மறுபடி தேர்வுக்கு வரலாம் என்பது விதி. செப்டம்பர் 12, வியாழக்கிழமை, அவருக்குக் கிடைத்தது. ஆலையின் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு. அதில் தோற்றால் அதற்கப்புறம் வரும் எந்தத் தேர்வாலும் பயனில்லை.

“ஒம்பது அண்டா ஒண்ணா கொதிக்கும்போது வராத நடுக்கம், ஒரு மனுசன் பேனாவத் தொறந்தா வருதே, அது ஏன் மதி?” என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. தெரியும் என்று சொன்னவர் ஃபாரிஸ்.

ஃபாரிஸ், ஜெய்தூன் பீவியின் கணவர் முனீருக்குத் தங்கை மகன். வயது இருபத்தாறு. உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் பயிற்சியாளர். மனித வாழ்வின் எல்லாத் துன்பங்களுக்கும் ஒரு டப்பா உண்டு என்று நம்புகிறவர். அன்று அவர் கொண்டுவந்த டப்பாவில் இருந்தது டைரோசின் என்னும் அமினோ அமிலப் பொடி. நாம் உண்ணும் புரதங்களெல்லாம் அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அவற்றுள் ஒன்றான டைரோசினிலிருந்துதான் மூளை, விழிப்புக்கும் கவனத்துக்கும் வேண்டிய சில செய்திப்பொருள்களைச் செய்துகொள்கிறது. கடும் நெருக்கடியில் அந்தச் செய்திப்பொருள்கள் வேகமாகச் செலவாகின்றன. அப்போது டைரோசினைக் கூடுதலாகக் கொடுத்தால் நினைவும் கவனமும் குலையாமல் நிற்கலாம் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. எல்லா ஆய்வுகளும் அல்ல.

ஃபாரிஸ் இந்தக் கடைசிச் சொற்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். “மாமி, இது பட்டாளத்துக்காரங்களுக்குக் கொடுத்துச் சோதிச்சது. குளிர்ல நிக்கவச்சு, தூங்கவிடாம.”

“பட்டாளத்துக்காரன் பிரேக் இன்ஸ்பெக்டரப் பாத்திருக்கானாடா?”

ஆனாலும் டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சைவப் பொருள் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று தேடினார், இருந்தது. பிறகு தன் தொழிலுக்கே உரிய கேள்வியைக் கேட்டார்: “படிக்கு எம்புட்டு?”

படிக்கணக்கு இல்லை, இரண்டு கிராம், வெறும் வயிற்றில், தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பு என்று விளக்கினோம். தைராய்டு மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ உட்கொள்பவர்கள் இதைத் தொடக் கூடாது என்பதால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் அப்படிப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தலைவலியோ படபடப்போ வந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்றார். ஜெய்தூன் பீவி வீடு திரும்பியதும் இரண்டு கிராம் பொடியைத் தண்ணீரில் கலக்கினார். அது கரையாமல் மேலே மிதந்தது. கரையாத பொடியை அவர் இதற்குமுன் மன்னித்ததில்லை. எலுமிச்சை பிழிந்து பார்த்தார். வெந்நீர் ஊற்றிப் பார்த்தார். கடைசியில் நல்லி எலும்புச் சூப்பில் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார். சூப்பில் இருக்கும் மற்ற அமினோ அமிலங்களெல்லாம் மூளையின் வாசலில் டைரோசினோடு முண்டியடித்து நிற்கும் என்று ஃபாரிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். சூப்பு பிரமாதமாக இருந்தது என்பது ஜெய்தூன் பீவியின் கருத்து.

இப்படியே விட்டால் பொடி உதவுகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அறுபது நாள் கையில் இருந்தது. பாதி நாள்களில் டைரோசின், மீதி நாள்களில் ஒன்றுமில்லாத வேறொரு பொடி, எது எது என்று அவருக்கும் எனக்கும் தெரியாமல் ஃபாரிஸ் கொடுக்க வேண்டும், பிழைகளை நான் எண்ண வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். ஒன்றுமில்லாத பொடிக்கு அரிசி மாவைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. முதல் நாள் பொட்டலத்தைப் பிரித்ததும் ஜெய்தூன் பீவி அதை மூக்கருகில் கொண்டுபோனார்.

“மதி, இது சீரக சம்பா. அரைச்சு ரெண்டு நாளாச்சு. மில்லுக்காரன் இதுக்கு முந்தி மல்லி அரைச்சிருக்கான், கழுவல.”

மாவுமில்லில் விசாரித்தேன். மூன்றும் சரி.

மரவள்ளி மாவு கொடுத்துப் பார்த்தோம், தூரத்திலிருந்தே கண்டுபிடித்தார். சோள மாவுக்கு மூக்கே தேவைப்படவில்லை, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். இருபத்தெட்டாண்டு பொடிகளோடு வாழ்ந்த ஒருவரைப் பொடியால் ஏமாற்ற முடியாது என்பது தெளிவானது. ஆகவே எல்லாவற்றையும் மாத்திரைக்கூடுகளில் அடைப்பது என்று தீர்மானித்தோம். அங்கும் ஒரு தடை. முனீர் தோல் தரகர். பதனிடும் தொட்டிகளில் கழித்துப்போடும் தோல் துண்டுகள் ஜெலட்டின் ஆலைகளுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தவர். ஜெலட்டின் கூடு எந்தப் பிராணியின் தோலிலிருந்து வந்தது என்று எழுதித் தந்தால் ஒழியத் தன் மனைவி அதை விழுங்க மாட்டார் என்று அறிவித்தார். மரக்கூழிலிருந்து செய்த கூடுகளை வரவழைத்தோம். வேளைக்கு நான்கு கூடு, இருபத்து நான்கு பொட்டலம், ஆகமொத்தம் தொண்ணூற்றாறு. பாதியில் டைரோசின், பாதியில் சீரக சம்பா. ஃபாரிஸ் தனியாக உட்கார்ந்து அடைத்து, எந்த எண்ணில் எது என்று எழுதிய தாளை உறையிலிட்டு ஒட்டிப் பீரோவில் வைத்தார். மூன்றாம் நாள் ஜெய்தூன் பீவி ஒரு ஏப்பம் விட்டுவிட்டு என்னைப் பொருள்பொதிந்த பார்வை பார்த்தார். அதை எழுதிக்கொள்ள மறுத்துவிட்டேன்.

மேட்டுப்பட்டிப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டு இன்னும் விற்காமல் கிடந்த ஒரு வெட்டவெளி எங்கள் களம். ஃபாரிஸிடம் உரிமம் இருந்ததால் அவர் பக்கத்து இருக்கையில் ஆய்வாளராக அமர்ந்தார். அதற்காகத் தன் தந்தையின் மூக்குக்கண்ணாடியை அணிந்து, கையில் ஒரு கோப்பும் வைத்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்காரர் சொன்னபடி வாய்திறக்கத் தடை விதித்தார். நான் பின்னால், கவிழ்த்துப் போட்ட அண்டாவின்மேல், முன்னறையின் பின்சன்னல் வழியே, உள்கண்ணாடியில் தெரியும் அவர் முகத்தைப் பார்த்தபடி எழுதுவேன். எஞ்சின் நின்றுபோவது, தவறான கியர், சைகை மறப்பது, மனைக்கல்லை இடிப்பது ஆகியவை பிழைகள். அட்டவணையில் தேதி, பொட்டல எண், பிழை என்னும் கட்டங்களோடு கடைசியில் ‘பிற குறிப்புகள்’ என்றொரு கட்டமும் இருந்தது. கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அதில் எழுதினேன். ஆடு குறுக்கே வந்தது. ஃபாரிஸ் கைப்பேசி பார்க்கிறார். மழைத் தூறல். உதடு அசைகிறது. மனை வாங்க வந்தவர்கள் வண்டி வருவதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

செப்டம்பர் முதல் தேதி இருபத்து நான்காவது ஓட்டம் முடிந்தது. சில நாள் ஒரு பிழைகூட இல்லை. சில நாள் பதினைந்து. நல்ல நாளெல்லாம் டைரோசின் நாள் என்று ஜெய்தூன் பீவி மனத்துக்குள் முடிவுகட்டியிருந்தார். தேர்வன்று காலையில் அதை உட்கொண்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கையில் முகமே தெளிந்திருந்தது. மீதிப் பொடி கைவசம் இருந்தது. எங்களுக்கு வேண்டியது இரண்டே கிராம்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, நானூறு பேருக்கு ஒரு நிக்காஹ் விருந்து. மதியம் இரண்டு மணிக்கு ஃபாரிஸ் மண்டபத்தின் பின்கட்டில் வந்து, ஒரு விசித்திரத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டார். மூன்று பந்தி முடிந்தும் ஒரு சண்டைகூட வரவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறித்துண்டு குறைந்தது என்று யாரும் எழுந்து நிற்கவில்லை. சம்பந்திகள் ஒருவர் இலையில் ஒருவர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வயதான மச்சான்மார் இருவர், பதினோராண்டுப் பகைக்குப் பின் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

மாலையில் பாத்திரங்கள் வந்திறங்கும்போதுதான் காரணம் தெரிந்தது. காரணம் என்று ஃபாரிஸ் நம்பியது தெரிந்தது என்பதே சரி. ஜெய்தூன் பீவிக்குக் கடையில் வாங்கிய டப்பாக்கள் பிடிக்காது. எந்தப் பொடியானாலும் எவர்சில்வர் சம்படத்துக்கு மாற்றிவிடுவார். முப்பத்தேழு சம்படங்கள், எதிலும் பெயர் கிடையாது. மூக்கிருக்கப் பெயர் எதற்கு என்பது அவர் கொள்கை. டைரோசினையும் அப்படியே மாற்றி, சோள மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கன்னிவாடியிலிருந்து முதல் பேருந்தில் வந்து வேலை செய்யும் சுந்தரம்மாள், அன்று அவசரத்தில் சோள மாவு என்று எண்ணி அதைச் சிக்கன் பொரிப்பதற்கான கலவையில் கொட்டிவிட்டார்.

“எனக்கு என்னக்கா தெரியும்? வெள்ளையா இருந்துச்சு, போட்டேன். நீங்களும் ‘மாவு போட்டாச்சு’ன்னு சொன்னீங்களே” என்றார் சுந்தரம்மாள்.

நான் பதறிக் கணக்குப் போட்டேன். எஞ்சியிருந்தது ஏறத்தாழ இருநூற்று எழுபது கிராம். நானூறு பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. இலையில் வைத்த ஆட்டுக்கறியிலேயே அந்த அளவு டைரோசின் இயற்கையாக இருந்திருக்கும். யாருக்கும் தீங்கில்லை. பந்தியில் நிலவிய அமைதிக்கு அந்தப் பொடிதான் காரணமா என்று சொல்லவும் வழியில்லை, ஏனெனில் பொடி போடாத இன்னொரு கல்யாணம் பக்கத்தில் நடக்கவில்லை. ஃபாரிஸ் மட்டும் அந்த மச்சான்மார்களை இன்றுவரை சான்றாகக் காட்டுகிறார்.

ஆனால் சம்படம் காலி. புதிய டப்பா வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது.

மறுநாள் பிற்பகல், ஜெய்தூன் பீவி அடுப்படியில் முக்காலி போட்டு அமர்ந்து, தேர்வுக்குப் போகப் போவதில்லை என்றார். குரலில் கோபமில்லை. கணக்குத் தீர்ந்தவரைப் போலப் பேசினார். பொடி உள்ளே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் ஓட்டினேன், அது இல்லாமல் அந்தப் பேனாவுக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன், ஆலைக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். அந்தக் கூடம் அப்படி அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

தேர்வுக்குப் பிறகு பிரிக்க வேண்டிய உறையை அப்போதே பிரிக்கலாம் என்று சொன்னேன். பொடி இல்லாமலும் அவர் நன்றாக ஓட்டிய நாள்கள் இருக்கலாம். அவற்றைக் காட்டினால் துணிவு வரும் என்பது என் எண்ணம். ஃபாரிஸ் உறையைக் கிழித்து எண்களை வாசித்தார், நான் கூட்டினேன். டைரோசின் உட்கொண்ட பன்னிரண்டு நாளில் மொத்தப் பிழை எண்பத்தைந்து. சீரக சம்பா உட்கொண்ட பன்னிரண்டு நாளில் எண்பத்து மூன்று.

“சீரக சம்பா ஜெயிச்சிருச்சா?” என்று கேட்ட ஃபாரிஸின் முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு பிழை வித்தியாசத்துக்குப் பொருளில்லை என்று ஆறுதல் சொன்னேன். ஒருவரிடம் இருபத்து நான்கு நாள் செய்த சோதனை டைரோசினைப் பற்றிய தீர்ப்பும் ஆகாது. இவரிடம், இந்த வேலையில், அது ஒன்றும் செய்யவில்லை என்பதே அதன் பொருள்.

“அப்ப நல்லா ஓட்டினேனே, அது எதனால?” என்றார் ஜெய்தூன் பீவி.

சரியான கேள்வி. அட்டவணையை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பிழை குறைந்த நாள்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். ஒன்பது வட்டங்கள். அந்த ஒன்பது நாளிலும் மொத்தம் பதின்மூன்றே பிழைகள். மற்றப் பதினைந்து நாளில் நூற்று ஐம்பத்தைந்து. ஒன்பதிலும் பொதுவாக ஏதேனும் இருக்கிறதா என்று கடைசிக் கட்டத்தில் விரலை ஓட்டினேன். ஆடு அல்ல. மழை அல்ல. ஃபாரிஸ் கைப்பேசி பார்க்கிறார், ஃபாரிஸ் கைப்பேசி பார்க்கிறார். அதன் கீழே ஒவ்வொரு முறையும் இரண்டு சொற்கள்: உதடு அசைகிறது. வட்டமிடாத பதினைந்து நாளில் ஒன்றில்கூட உதடு அசையவில்லை.

வண்டி ஓட்டும்போது என்ன சொல்லிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் திருட்டில் பிடிபட்டவரைப் போல முந்தானையை இழுத்துக்கொண்டார்.

“சும்மா. இவன் போன நோண்டிக்கிட்டு இருந்தா மெதுவா சொல்லிக்குவேன். கிளச்சு மிதிச்சாச்சு, கியர் போட்டாச்சுன்னு. ‘ஆச்சு’ன்னு பதிலும் நானே சொல்லிக்குவேன். இவன் நிமிந்து பாத்தா வாய மூடிக்குவேன். பேசக் கூடாதுல்ல?”

கூடத்தின் கதவோரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சுந்தரம்மாள் நிமிர்ந்தார். “அக்கா வாய மூடிக்கிட்டு சோறாக்கி நான் பாத்ததே இல்லையே. வண்டி மட்டும் எப்படி ஓடும்?”

அறுபது நாளும் தொண்ணூற்றாறு கூடும் செலவழித்து நான் எட்டிய இடத்துக்கு அவர் ஒரு அண்டா விளக்கி முடிப்பதற்குள் வந்துவிட்டார். முதலில் சிரித்தது ஜெய்தூன் பீவிதான். அவருக்கு ஒரு பழக்கம், சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரை அடிப்பார். ஃபாரிஸ் நான்கு அடி வாங்கினார். பிறகு பதினொரு பெண்களும் சிரித்தார்கள். யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். தேர்வுக்குப் போவதா இல்லையா என்ற பேச்சு அதன்பின் எழவே இல்லை.

செப்டம்பர் 12, காலை பத்து நாற்பது. ஆய்வாளர் ஏறி அமர்ந்தார். அவர்தான், மூன்று முறையும் பார்த்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்த முறை நிறுத்தச் சொன்னால் இறங்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ஜெய்தூன் பீவி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி ஓட்டலாமா என்று அனுமதி கேட்டார். என்னத்தையாவது சொல்லுங்கள், ஓட்டினால் சரி என்றார் அவர். நானும் ஃபாரிஸும் பின்னால் இருசக்கர வண்டியில் நின்றோம். குட்டி யானையின் சன்னல்கள் திறந்திருந்தன.

“பெல்ட்டு போட்டாச்சு” என்று கணீரென்று கேட்டது.

பிறகு ஒன்றுமில்லை. வண்டி நகரவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒலியெழுப்பத் தொடங்கினார்கள். ஃபாரிஸ் என் தோளைப் பிடித்து நசுக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் வராமல் அவர் அடுத்த வேலைக்குப் போக மாட்டார். பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்வதும் அவருக்கு மரியாதையாகப் பட்டிருக்காது.

“சார்,” என்று குரல் கேட்டது, “நான் சொன்னதும் நீங்க ‘ஆச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லணும் சார்.”

பேனா மூடப்படும் ஓசை கேட்டதாக ஃபாரிஸ் சாதிக்கிறார்; அவ்வளவு தொலைவில் கேட்டிருக்க முடியாது.

“ஆச்சு” என்றார் ஆய்வாளர்.

“கண்ணாடி பாத்தாச்சு.”

“ஆச்சு.”

“கிளச்சு மிதிச்சாச்சு. ஒண்ணாங் கியர் போட்டாச்சு.”

“ஆச்சு, ஆச்சு.”

வண்டி கிளம்பியது. தண்ணீரில் விட்ட காகிதக் கப்பலைப் போல அவ்வளவு லேசாகப் போனது. நாங்கள் பின்தொடர்ந்தோம். முதல் திருப்பத்தில் ஆய்வாளரின் குரல் முணுமுணுப்பாக இருந்தது. இரண்டாவது திருப்பத்தில் தெளிவாகக் கேட்டது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கும் இடத்தில் அவர் ஜெய்தூன் பீவியைவிட உரக்கச் சொன்னார். சாலையோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் அரிவாளை ஓங்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். “நிறுத்துங்க” என்றதும் வண்டி நின்றது. ஜெய்தூன் பீவி இறங்கவில்லை. “நிறுத்தியாச்சு” என்றார். பதில் வரும்வரை காத்திருந்தார். வந்தது.

ஆய்வாளர் இறங்கும்போது முகத்தில் எதையும் காட்டவில்லை. தாளில் ‘தேர்ச்சி’ என்று குறித்துக் கையெழுத்திட்டு நீட்டினார். அலுவலகத்துக்குள் போகையில் எழுத்தர் ஏதோ கேட்டிருக்கிறார். அவர் நின்று, “ஆச்சு” என்று சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டு உள்ளே போனார். இதை நான் நேரில் பார்த்தேன்.

செப்டம்பர் 14, சனிக்கிழமை. நூற்று நாற்பது சாப்பாடு, பருப்புக் குழம்பு, முட்டைக்கோசு வெஞ்சனம். பதினொன்று இருபத்தெட்டுக்கு வண்டி பேகம்பூரிலிருந்து புறப்பட்டது. ஓட்டியவர் ஜெய்தூன் பீவி. பதில் சொல்லப் பக்கத்தில் சுந்தரம்மாள். பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் நான். முதல் போக்குவரத்து விளக்கில், “பிரேக் பிடிச்சாச்சு” என்றபோது சுந்தரம்மாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததால் பதில் தாமதமானது. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் “ஆச்சும்மா” என்றார்.

ஆலை வாசலில் காவலாளி, வரும் வண்டிகளின் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுபவர், இருக்கையை விட்டு எழுந்து வந்து ஓட்டுநர் பக்கம் எட்டிப் பார்த்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

“சோறு வந்தாச்சு” என்றார் ஜெய்தூன் பீவி. எஞ்சினை நிறுத்தவில்லை. இறங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார், பன்னிரண்டு ஒன்பது என்று எழுதினார், பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் சுந்தரம்மாளைப் பார்த்தார். சுந்தரம்மாள் வாயசைத்துக் காட்டினார்.

“ஆச்சு” என்றார் அவர். கதவு திறந்தது.